சாதிக் பாயின் பெட்டியை அடுக்கிய கதை

கடையில் யாரும் எனக்கு ஓய்வு கொடுக்கவில்லை. என் முட்டிக்கால் கொடுத்தது. ஸ்டூலில் ஏறி மேல்தட்டில் ஒரு ரீலை எடுக்கப் போனவன் இறங்க முடியாமல் அங்கேயே நின்றுகொண்டு, வந்த வாடிக்கையாளரிடம் உத்தரத்தை ஒட்டியபடியே வியாபாரம் பேசினேன். முதலாளியம்மா கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "செல்வம், நீங்க எறங்குறீங்களா, இல்ல உங்களுக்கும் ஒரு வெலைச்சீட்டு ஒட்டிடவா?" என்றார். அதுதான் எனக்கு நடந்த பிரிவுபசார விழா.

இப்போது என் இடத்துக்கு நீங்கள் இருவர் வந்திருக்கிறீர்கள். என் ஒருவனுக்குப் பதில் இரண்டு பேர் தேவைப்பட்டதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. ஒருவர் ஸ்டூல் ஏறவும் இன்னொருவர் இறக்கவும் என்று அம்மா விளக்கம் சொல்லக்கூடும், நம்பாதீர்கள்.

பின்னறை வேலையைப் பற்றி உங்களுக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார். தூண்டில் கடையில் முன்பக்கம்தான் கடை. ராடு, ரீல், தூண்டில் நரம்பு, மிதப்பு எல்லாம் அங்கே. அதை நீங்களே பழகிக்கொள்வீர்கள். பின்னறை வேறு. அங்கே இருக்கும் பெட்டிகள் விற்பனைக்கு அல்ல. துபாயிலும் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் லீவு முடிந்து போகும்போது விட்டுவிட்டுப் போன ஜிக் பெட்டிகள் அவை. வீட்டில் வைத்தால் பிள்ளைகள் கை வைக்கும், அம்மாக்கள் தூக்கிப் போடுவார்கள், மச்சான்கள் கடன் வாங்குவார்கள். அதனால் நம்மிடம்.

ஜிக் என்றால் என்னவென்று தெரியாமல் நீங்கள் வேலைக்கு வந்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் நான் வந்தபோது எனக்குத் தெரியாது. வண்டி உதிரிபாகம் என்று நினைத்தேன். ஒரு முள், அதன் கழுத்தில் வார்த்த ஈயத் தலை, தலைக்குப் பின்னால் ரப்பர் வாலோ குஞ்சமோ. தண்ணீரில் போட்டுச் சுண்டிச் சுண்டி இழுத்தால் அடிபட்ட குஞ்சு மீன் நொண்டுகிற மாதிரி இருக்கும். வாளையும் விராலும் ஏமாந்துவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் போலச் சட்டென்று கெட்டுப்போகிற சாமான் கடையில் வேறு இல்லை. ஈரம் பட்டால் முள் துருப்பிடிக்கும். வெயில் பட்டால் ரப்பர் இளகும். சிவப்பு வாலையும் வெள்ளை வாலையும் ஒரே அறையில் போட்டு மூடினால் கொஞ்ச நாளில் இரண்டும் சேர்ந்து ஒரு ரோஸ் மில்க் ஆகியிருக்கும். ஆகவே வாலைத் தனியாகக் கழற்றி வையுங்கள். முள்ளைத் துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. மூடியைத் திறந்து அவ்வப்போது காற்றாட விடுங்கள். வண்டிச் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள்.

பராமரிப்பு இவ்வளவுதான். மீதியெல்லாம் மனிதர்கள்.

அந்தப் பின்னறையில் நான் கழித்த மதியங்களை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு வாடிக்கையாளர் வரமாட்டார். அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். நான் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து அதன் சொந்தக்காரரோடு பேசிக்கொண்டிருப்பேன். "என்ன குமார், இவ்வளவு எண்ணெய் பூசியிருக்கே, வடையா சுடப்போறே?" மஸ்கட்டில் இருக்கும் குமார் பதில் சொல்ல மாட்டார். என் வீட்டிலும் அதே நிலைமைதான். மகளுக்குப் பிரசவம் என்று ஆறு மாதத்துக்குப் பெங்களூர் போன என் மனைவி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். எனக்கு ஒரு நாள் நகைச்சுவை மீந்துபோனால் அதைப் பெட்டிகளிடம்தான் செலவழிக்க வேண்டும்.

சாதிக் பாயின் பெட்டிதான் அந்த அறையிலேயே அசிங்கமான பெட்டி.

சாதிக் பாய் நீடாமங்கலத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். துபாயில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். கடைசி லீவு முடிந்து கிளம்புகிற அன்று மத்தியானம் முழுவதும் பின்னறையில் உட்கார்ந்து பெட்டியை அடுக்கிவிட்டுத்தான் போனார். அடுக்கினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கறுப்புக்குப் பக்கத்தில் ரோஸ், ரோஸுக்குப் பக்கத்தில் பச்சை, நடுவில் காலி அறை, அப்புறம் மறுபடி ஒரு கறுப்பு. போதாததற்கு சைக்கிள் வால்வ் டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி ஒவ்வொரு முள் முனையிலும் மாட்டியிருந்தார். சிலவற்றுக்கு நீளத் துண்டு, சிலவற்றுக்குக் குட்டித் துண்டு.

"என்ன பாய், ஸ்டோர் கீப்பர்னு சொல்றீங்க, இப்படி அள்ளிக் கொட்டி வச்சிருக்கீங்க? கலர் வாரியா வைங்களேன்."

"கலரு மீனுக்குப் புடிச்சாப் போதும் செல்வம்."

"மீனு வந்து பெட்டியப் பாக்கப் போவுதா?"

"நீயுந்தான் பாக்காத."

அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் சிரித்தேன். என் நாற்பது வார்த்தைக்கு அவர் நாலு வார்த்தை பேசுவார், ஆனால் பேச்சில் கடைசி வார்த்தை எப்போதும் அவருடையதாக இருக்கும். அதனால் எனக்கு அவரைப் பிடிக்கும்.

அடுத்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் கடையைத் திறந்தால் பின்னறை ஓட்டிலிருந்து தண்ணீர் நூல் பிடித்தாற்போல நேராக இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ பெட்டி இருக்க, சாதிக் பாய் பெட்டியின் மேல். மூடியின் இடுக்கு வழியே உள்ளே போய், ஒவ்வொரு அறையும் ஒரு குட்டிக் குளம். வால்வ் டியூப் துண்டுகளுக்குள்ளும் தண்ணீர்.

எனக்குப் பதற்றம் வந்தால் கையும் வாயும் சேர்ந்து ஓடும். மூளை மட்டும் பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கும். எல்லாவற்றையும் அள்ளி வெளியே கொட்டினேன். டியூப் துண்டுகளைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தேன். துணியால் துடைத்தேன். துடைத்தும் பிசுபிசுப்பு. ஃபேன் போடலாமென்றால் கரண்ட் இல்லை. அப்போதுதான் மூலையில் இருந்த நெல் மூட்டை கண்ணில் பட்டது. ஒரத்தநாட்டிலிருந்து என் அண்ணன் முதல் நாள் மொபெட்டில் கொண்டுவந்து, மழை விட்டதும் வீட்டுக்கு எடுத்துப் போ என்று இறக்கிவிட்டுப் போன குறுவை நெல். போன் தண்ணீரில் விழுந்தால் அரிசியில் போடச் சொல்கிறார்களே! அரிசிக்கே அந்தச் சக்தி என்றால் நெல்லுக்கு? மூட்டையை அவிழ்த்து அத்தனை ஜிக்கையும் உள்ளே புதைத்து, மேலே தட்டிக்கொடுத்து, வாயைக் கட்டி வைத்தேன். நெஞ்சு லேசானது. டீ குடிக்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்து அவிழ்த்தபோது உள்ளிருந்து ஒரு வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. முள்ளெல்லாம் காவி கட்டியிருந்தன.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அந்த நெல்லு எப்பண்ணே அறுத்தது?"

"ஒங்கிட்ட குடுத்ததுக்கு மொதநாளு சாயங்காலம், மழைக்கு முன்னாடி. மெஷின்ல அறுத்து அப்படியே கட்டுனது. கொள்முதல் நெலையத்துல ஈரப்பதம் கூடன்னு திருப்பி அனுப்பிட்டாங்கன்னு சொன்னேனேடா. காய வையின்னுதானே உங்கிட்ட குடுத்தேன். ஏன், மொளைச்சிருச்சா?"

"இல்லண்ணே. முள்ளு முளைச்சிருக்கு."

டெல்டாவில் பிறந்தவன் நான். ஐப்பசி வந்தால் இந்த ஜில்லாவில் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் பேசுகிற ஒரே விஷயம் நெல்லின் ஈரப்பதம். ஈரம் என்று திருப்பி அனுப்பிய நெல்லில், ஈரம் போக வேண்டும் என்று இரும்பைப் புதைத்தவன் காவிரிப் படுகையில் நான் ஒருவன்தான் இருப்பேன். முதலாளியம்மா அன்று முழுக்க வந்தவர் போனவரிடமெல்லாம் என்னைக் காட்டி, "விவசாயக் குடும்பம்" என்று அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார்.

ஆனால் துரு மேலோடுதான். எமரி பேப்பரும் மண்ணெண்ணெயும் வைத்து உட்கார்ந்தேன். தேறாத ஜிக்குகளுக்குப் பதில் அதே மாதிரி புதிது போட்டேன். நாள்கணக்கில் தேய்த்து எல்லாம் பளபளவென்று ஆனதும், திரும்ப அடுக்க வேண்டிய கட்டம் வந்தது. எது எங்கே இருந்தது என்று ஒன்றுகூட நினைவில்லை. கொட்டுவதற்கு முன்னால் போனில் ஒரு படம் எடுத்திருக்கலாம்; கையிலேயே போன் இருந்தது, அதன் டார்ச் வெளிச்சத்தில்தான் கொட்டினேன். நினைவு இருந்திருந்தாலும் அந்த அலங்கோலத்தைத் திரும்பச் செய்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். கறுப்பெல்லாம் ஒரு வரிசை. வெள்ளை ஒரு வரிசை. பச்சை, மஞ்சள், ரோஸ். வானவில் மாதிரி இருந்தது. பாய் திறந்து பார்த்து மூச்சடைத்துப்போவார் என்று நினைத்தேன்.

பொங்கல் கழித்து, மேட்டூரில் தண்ணீர் நிறுத்திய பிறகு சாதிக் பாய் போன் செய்தார். துபாய் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டாராம். "ஞாயித்துக்கெழம பெட்டிய எடுத்துக்கிட்டு வர முடியுமா செல்வம்? எனக்கு வண்டி ஓட்ட முடியல." கழுத்து வலியாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஆற்றில் தண்ணீரைப் பிரித்துவிடும் மதகணை, எங்கள் பேச்சில் தலைப்பு, ஒன்று இருக்கிறது. மதகுகளை இறக்கிவிட்டால் ஆறு முழுக்க மணல்தான். மதகுக்குக் கீழே மட்டும் தண்ணீர் பறித்த பள்ளத்தில் ஒரு மடு நிற்கும். ஓடிப்போக முடியாத மீனெல்லாம் அதில்தான். ஜிக் போட அதைவிட நல்ல இடம் கிடையாது. மினி பஸ் பாலத்தடியில் நிற்கும். பாய் எனக்கு முன்பே வந்து, மடுவின் வடகரையில் கல்படியில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை மணல். ஒரு ஆள் இல்லை. இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு மனிதன் தானாக விரும்பி வருவானா என்று எனக்குத் தோன்றியது. நான் இருந்தால் ஐந்து நிமிடத்தில் என்னோடு நானே சண்டை போட்டிருப்பேன்.

"வா செல்வம்" என்றார், நான் "பாய்" என்று கூப்பிட்ட பிறகு.

பெட்டியைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். வானவில் வெயிலில் மின்னியது.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

முகம் மடுவைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டியை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. மண்ணெண்ணெய் வாடை இன்னும் என் நகக்கண்ணில் இருக்கிறது, இந்த மனுஷருக்கு ஒரு பார்வைக்குப் பஞ்சமா? சொல்லிக்காட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கை தானாகப் பெட்டிக்குள் போனது, வலப்பக்கத்திலிருந்து மூன்றாவது அறைக்கு, தயங்காமல், தன் சட்டைப் பைக்குள் போவது போல. அந்த அறையில் அவர் வைத்திருந்தது டியூப் போட்ட, உருண்டைத் தலை ஜிக் என்று பிறகுதான் தெரிந்தது. நான் வைத்திருந்தது டியூப் இல்லாத புதுப் பச்சை ஜிக்.

"ஸ்ஸ்" என்றார். அவ்வளவுதான். கட்டைவிரல் சதைக்குள் முள், முனையில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள் வரைக்கும் இறங்கியிருந்தது.

முள் ஏறியது அவருக்கு. கத்தியது நான். எழுந்தேன், உட்கார்ந்தேன், என் செருப்பு மடுவில் மிதந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. என் போனைத் தேடினேன், அதை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன். "பாய், மயக்கம் வருதா? படுத்துக்கறீங்களா? தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டபடி அவருக்காகக் கொண்டுவந்த தண்ணீரை நானே குடித்தேன்.

"செல்வம், உக்காரு. நரம்பு கொஞ்சம் எடு. முள்ளு வளைவுல கோத்துக்க. நான் தலைய அமுக்குறேன். நேரா, ஒரே இழுப்பு. யோசிக்காத."

"யோசிக்கிற பழக்கமே இல்ல பாய் எனக்கு."

நரம்பைத் தேடி எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. ஒரு கையில் முள், இன்னொரு கையால் அதன் தலையை அமுக்கிக்கொண்டிருந்தார். "எடுத்து எதையாவது சொல்லு. நூருதான். அவகிட்ட இத சொல்லாத" என்றார். நூர்ஜகான் அவர் மனைவி. எடுத்தேன். அவசரத்தில் எதை அமுக்கினேனோ, ஸ்பீக்கர் அலறியது.

"என்னங்க, சோத்துக்கு வந்துடுவீங்கள்ல?"

"நான் செல்வம்மா, கடை செல்வம்."

"அண்ணே! அவரு எங்கே?"

"இங்கதாம்மா. ஜம்முனு இருக்காரு. மீன் புடிக்க வந்தோம், இன்னிக்குப் பாயே மாட்டிக்கிட்டாரு." இந்த மாதிரி நேரத்தில் எனக்கு வருவது ஜோக் ஒன்றுதான். ஒருவரும் சிரிக்கவில்லை. "கட்டைவிரல்ல சின்னதா முள்ளு. ஒண்ணுமில்ல."

"முள்ளா? அவரு பெட்டியில அவருக்கு முள்ளு ஏறாதே. டூப்பு மாட்டித்தானே வச்சிருப்பாரு."

"அது நாந்தாம்மா. பெட்டி நனைஞ்சிருச்சு. டூப்பக் கழட்டிட்டு அடுக்கி வச்சேன். கலர் கலரா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது.

"அய்யய்யோ, என்னண்ணே பண்ணிட்டீங்க? அவரு தடவிப் பாத்துதானே எடுப்பாரு. அவருக்குக் கலரு எங்கண்ணே தெரியுது?"

முள் ஏறியபோது அசையாத மனிதர் அப்போது தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு எல்லாம் வரிசையாக விழுந்தது. அன்று மத்தியானம் முழுக்கப் பின்னறையில் விரலால் அடுக்கியது. தலையின் வடிவத்துக்கு ஒரு இடம், எடைக்கு ஒரு நீளத்தில் டியூப். நடுவில் காலி அறை, விரல் வழி தப்பாமல் இருக்க. நீயுந்தான் பாக்காத. நான் அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நின்று ஜோக் அடித்திருக்கிறேன்.

"நூரு" என்றார் பாய். "ஸ்பீக்கர்ல இருக்கு."

மறுபடி குக்கர். பிறகு அதையும் அணைத்துவிட்டார் போலிருக்கிறது.

"எப்பலேருந்து தெரியும் ஒனக்கு?" என்றார் பாய்.

"வந்த அன்னிக்கே. ஏர்போர்ட்ல என்னைத் தாண்டிப் போயி எங்க பெரியம்மாகிட்ட 'நூரு, எளைச்சிட்டியே'ன்னீங்க. எழுபத்தெட்டு வயசு அதுக்கு. இன்னும் எல்லாருகிட்டயும் சொல்லி வெக்கப்பட்டுக்கிட்டிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து உள்ளேயே வைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் விழுங்கிய முதல் சிரிப்பு அதுதான்.

"ஏன் சொல்லல?" என்றார் அவர்.

"நீங்க ஏன் சொல்லல?"

"சக்கரையில கண்ணு போவுதுன்னு சொன்னா ஆத்துக்கு அனுப்ப மாட்டே."

"அனுப்பியிருக்கத்தான் மாட்டேன். அதனாலதான் தெரியாத மாதிரி இருந்தேன்."

நான் போனைப் பிடித்துக்கொண்டு கல்படியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெட்டியைத்தான் கலைத்தேன் என்று இருந்தேன். அவர் சொல்லாமல், இவர் கேட்காமல், ஒரு வீட்டில் இரண்டு பேர் பார்த்துப் பார்த்து அடுக்கி வைத்திருந்த ஒன்றையும் சேர்த்துக் கொட்டியிருக்கிறேன்.

"இப்ப நீங்களும் கேட்டாச்சு, நானும் சொல்லியாச்சு" என்றார் நூர்ஜகான். குரல் உடைந்தது. "இனிமே எந்த மனசோட அந்தத் தண்ணிக்கரைக்கு ஒங்களத் தனியா அனுப்புறது?"

பாயின் முகத்தை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். மதகின் பக்கம் திரும்பியிருந்தது. துபாயில் எத்தனையோ ஆட்களுக்கு நடுவில் ஒரே அறையில் படுத்து எழுந்து, சாமான் எண்ணிக் கொடுத்து, இந்தக் காலி மணலுக்காகவே திரும்பி வந்த மனிதர். அதுவும் அன்றைக்கு என் கையில் முடிந்துகொண்டிருந்தது.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் நான் எடுத்த முடிவெல்லாம் ஈர நெல் ரகம்தான். அன்று ஒன்று மட்டும் தேறியது. அதுவும் நான் யோசித்து வந்ததல்ல. "ஞாயித்துக்கெழம நான் வந்து உக்காந்துக்கறேம்மா" என்று வாய் சொல்லிவிட்டது.

"காவலுக்கா?" என்றார் பாய். சட்டென்று குரலில் ஒரு காரம். "நான் எதுக்கு இங்க வர்றேன் தெரியுமா? யாரும் பேசாம இருக்குற எடம் இது ஒண்ணுதான். நீ பக்கத்துல இருந்தா மீனு எந்திரிச்சுப் போயிரும்."

"பேச மாட்டேன்."

பாய் சிரித்தார். போனுக்குள் நூர்ஜகானும் அழுகையோடு சிரித்துவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் என்னை நம்பாததில் ஒன்றுபட்டார்கள்.

"தென்கரையில உக்காந்துக்கறேன்" என்றேன். "மடுவுக்கு அந்தாண்ட. எனக்குள்ள நான் முணுமுணுத்தாலும் ஒங்களுக்குக் கேக்காது. நீங்க தனியாத்தான் இருப்பீங்க. நானும் தனியா இருப்பேன்."



"அந்தாண்ட வெயிலு அடிக்குமேண்ணே" என்றார் நூர்ஜகான். அதுதான் சம்மதம். "சோறு ரெண்டு பேருக்குக் கட்டிக் குடுத்துடுறேன்."

அப்புறம்தான் முள் இன்னும் விரலில் இருப்பது எங்களுக்கு ஞாபகம் வந்தது. நரம்பைக் கோத்து, கண்ணை மூடி, ஒரே இழுப்பு. வந்துவிட்டது. பாய் விரலைப் பிழிந்து ரத்தம் விட்டார். நான் மணலில் போய்ப் படுத்துக்கொண்டேன். டவுனில் டி.டி. ஊசி அவருக்குப் போடும்போதும் நர்ஸம்மா என்னைத்தான் பெஞ்சில் உட்கார வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வால்வ் டியூபும் கத்திரிக்கோலும் எடுத்துப் போனேன். துண்டை விரித்து எல்லா ஜிக்கையும் கொட்டினோம். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பெருவிரலை ஓட்டி, இடத்தைச் சொல்லச் சொல்ல நான் டியூப் மாட்டி வைத்தேன். பாதியில் நிறுத்தி, "கண்ண மூடிக்க. தட்டைத் தலை, பெரிசு. எடு பாப்போம்" என்றார். மூடினேன். மடு போய்விட்டது, மதகு போய்விட்டது, பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த பாயும் போய்விட்டார். விரலும் பெட்டியும் மட்டும் இருந்தன. காலி அறை தட்டுப்பட்டது. அதிலிருந்து ஒன்று, இரண்டு. தட்டைத் தலை, நீள டியூப். எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த அசிங்கமான பெட்டியில் ஒரு அறைகூடத் தப்பான இடத்தில் இல்லை.

இந்த மழைக்கும் பாயின் பெட்டி நம் பின்னறைக்கு வரும். அவர் வீட்டுச் சுவர் ஈரம் இழுக்கும். கீழ்த்தட்டில் இடது ஓரம் வையுங்கள்; அங்கே ஓடு மாற்றியாகிவிட்டது. காற்றாட விடும்போது ஒரு ஜிக்கை எடுத்துத் துடைத்து, டியூபுக்குள் ஊதி, அதே அறையில் வைத்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். மொத்தமாகக் கொட்டாதீர்கள். எந்தப் பெட்டியாக இருந்தாலும் முதலில் ஒரு படம் எடுங்கள், பிறகு சொந்தக்காரருக்கு ஒரு போன் போட்டு ஏன் இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். உங்கள் கண்ணுக்கு அழகாக அடுக்க ஆசை வந்தால் முன்பக்கத்தில் மிதப்புகள் இருக்கின்றன, வானவில் போடலாம். நெல் மூட்டையைப் பின்னறையில் இறக்க யாரையும் விடாதீர்கள், என் அண்ணனையும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சந்தேகம் கேட்கக் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன். தென்கரையில் இருப்பேன். நூர்ஜகான் கட்டிக் கொடுத்த பொட்டலத்தில் பாதி என் பையில் இருக்கும். எனக்குத் தோன்றுகிற ஜோக்கெல்லாம் மணலில் வீணாகும். பாய் எதிர்க்கரையில் ஒரு சின்ன உருவமாக உட்கார்ந்திருப்பார். நான் கையை ஆட்டினால் அவருக்குத் தெரியாது, ஆகவே ஆட்டுவதில்லை. மதகு மூடியிருப்பதால் மடுவின் மேல் எந்தச் சத்தமும் இருக்காது. பெட்டியின் கொண்டி திறப்பது இந்தக் கரைக்கு நன்றாகக் கேட்கும். டக். மூடுகிற சத்தம் வரத் தாமதமானால் எழுந்து நிற்பேன். செருப்பைக்கூட மாட்டிக்கொள்வேன்.

டக்.

உட்கார்ந்துகொள்வேன்.